தாங்கலுக்குப் போக நாலடி வழி

வீராசாமி முதலில் தூக்கி எறிந்தது என் சைக்கிளைத்தான். மார்பளவு தண்ணீரில் நின்று தக்கையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெல் மூடி கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. பத்து வருஷமாக மிதிக்கிற வண்டி, அதன் சத்தம் எனக்குத் தெரியாதா? தூண்டிலை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறி ஓடினேன். ரோட்டோரம் நாங்கள் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களை அவனும் அவனுடைய ஆட்கள் மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கி மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். வீசுவதற்கு முன்னால் சக்கரத்தில் கடப்பாரையால் ஒரு குத்து வேறு. பாவிகள், புது வண்டி பழைய வண்டி என்று ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம்.

"மனை பாக்க பெரிய மன்சாளுங்க கார்ல வர்ற எடம்டா இது. ரோட்ட அடச்சி வச்சிகினு இன்னாடா உங்க ரவுசு?" என்றான் வீராசாமி.

நான் அவன் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னேன். அவன் அறைந்தான். அறைந்த கையைப் பிடித்துக் கடித்துவிட்டேன். நாற்பது வயதில், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பிடிக்கிறவன், நடுரோட்டில் நாய் மாதிரி ஒருத்தன் கையைக் கடித்தேன். என் கூட்டாளி ஹுமாயூன் வந்து என் தாடையை இரண்டு கையாலும் பிரித்துத்தான் அவன் கையை எடுக்க வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் இந்தக் கோபத்தால் வந்ததுதான், அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கள்ளிக்குப்பத்துக்கு மேற்கே இருந்தது தாமரைத் தாங்கல், மழைக்கு மட்டும் ரொம்புகிற சின்ன ஏரி. பேர்தான் தாமரை. பங்குனியில் போய்ப் பார்த்தால் ஆடு மேய்கிற பொட்டல். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை அடித்தால் ரொம்பி வழியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, அவ்வளவுதான் அதன் ஆயுசு. அந்த மூன்று மாசமும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எஸ்டேட் ஆட்கள் எழுபது எண்பது பேர் மூங்கில் தூண்டிலும் கொட்டாங்கச்சியில் இரைக்கு நாக்குப்பூச்சியுமாக அங்கே வந்துவிடுவோம். மீனுக்கா? மீன் மார்க்கெட்டில் கிடைக்காதா என்ன? என் பெண்டாட்டி வசந்தகுமாரி, "இந்த ரெண்டு கெண்டைய கொயம்பு வச்சா மொளகாத்தூளுக்கே கட்டாது" என்று ஒவ்வொரு வாரமும் திட்டுவாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? ஆறு நாள் லேத் சத்தத்தில் காது கிழிந்துபோய், ராத்திரி தூக்கத்தில்கூட இரும்பு சீவுகிற சத்தம் கேட்கிறவன், ஏழாம் நாள் அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றால் எல்லாம் அடங்கிவிடும். காதுக்குள் ஒன்றுமே இருக்காது. அது ஒரு பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது வேண்டியிருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் வரைக்கும் தொந்தரவு இல்லை. ரோட்டிலிருந்து கழனி வழியாகக் கரைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. கழனி ஓரத்தில் வண்டிகளை விட்டுவிட்டு நடந்து போவோம். அந்தக் கழனியை ஒருத்தர் வாங்கி மனை போட்டார். கல் நட்டு, முள்கம்பி இழுத்து, கேட் வைத்து, வீராசாமியைக் காவலுக்குப் போட்டுவிட்டார். வழி போச்சு. நாங்கள் கம்பிக்கு அடியில் புகுந்து முதுகைக் கிழித்துக்கொண்டு போனோம். வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. அப்புறம் பள்ளத்துக்குப் போயின.

எஸ்டேட்டில் வேலை செய்கிறவனுக்கு மனு எழுத யாராவது சொல்லித்தர வேண்டுமா? போனஸுக்கு எழுதியிருக்கிறோம், கேன்டீன் சாம்பாருக்கே எழுதியிருக்கிறோம். ரோட்டோரம் புளியமரத்தடியில் சைக்கிள் நிறுத்த இடம், மனை நடுவில் கரைக்குப் போக நாலடி வழி. இரண்டே கோரிக்கை. டைப் அடித்து, எண்பத்து நாலு பேர் கையெழுத்து வாங்கி, நானும் ஹுமாயூனும் அரை நாள் லீவு போட்டு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு குமாஸ்தா படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இவங்க மீன் புடிக்கப் போறதுக்கு கவருமென்டு சைக்கிள் ஸ்டாண்டு கட்டித்தரணுமாம். குளிச்சிட்டு ஏர்றப்ப தொடச்சிக்க டவலும் குடுத்துடலாமா சார்?" இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மேசையைத் தாண்டப் போனேன். ஹுமாயூன் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

ஹுமாயூன் பூந்தமல்லிக்காரன். எங்கள் கம்பெனியில் மில்லிங் மிஷின். பன்னிரண்டு வருஷம் என் பக்கத்து மிஷினில் நின்றவன். நான் கத்துகிற இடத்தில் அவன் மெதுவாகப் பேசுவான், அதனாலேயே காரியம் நடக்கும். அன்றைக்கும் அவன்தான் ஓவர்சியர் தங்கவேலைத் தேடிப் பிடித்தான்.

"சார், ஒரு நாயித்துக்கெயம வந்து பாருங்க. எத்தினி பேர் வர்றோம்னு உங்க கண்ணால பாத்துட்டு அப்பறமா வேணாம்னு எய்துங்க, நாங்க கேக்க மாட்டோம்."

தங்கவேல் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். "வர்ற ஞாயிறு காலைல பத்து மணிக்கு வர்றேன். எத்தனை வண்டி நிக்குதோ, அத்தனைதான் எழுத முடியும். நாலு நின்னா நாலுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த 'நாலு நின்னா நாலுதான்' தவிர வேறு ஞாபகம் இல்லை. பத்து மணிக்குள் வீராசாமி வண்டிகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் முடிந்தது கதை. கேட் இனி எந்த ஜென்மத்திலும் திறக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி பின்புறத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாரம் தூக்குகிற மிஷினிலிருந்து கழற்றிப் போட்ட பழைய இரும்புச் சங்கிலி அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு துண்டு. ஃபோர்மேனைக் கேட்டு வாங்கி, வெல்டு வைத்துச் சேர்த்தால் நூற்றைம்பது அடி. புளியமரத்தில் ஆரம்பித்து எல்லா வண்டிகளின் பாருக்கும் உள்ளே விட்டு இழுத்து, கரண்ட் கம்பத்தில் சுற்றி ஒரு திண்டுக்கல் பூட்டு. எவன் அசைக்கிறான் பார்க்கலாம் என்றேன்.

ஹுமாயூனுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. தாங்கலுக்கு வந்தால் வண்டியைப் பூட்டக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த கட்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் புதுசாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். சேறும் புதரும் பாம்பும் இருக்கிற இடம். மெயின் ரோடு ஒன்றரை மைல். இரண்டு வருஷம் முன்னால் பிளேட்டிங் கடை வேம்புலியைக் கட்டுவிரியன் கடித்தபோது, முன்னால் நின்ற யாருடைய வண்டியிலோ ஏற்றிக்கொண்டு ஒருத்தன் மிதித்தான். வேம்புலி இன்றைக்கும் நாலு இட்டிலி அதிகமாகத் தின்றுகொண்டு இருக்கிறார். தன் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே ஆள் போயிருப்பார்.

"தாங்கல்ல வண்டிய பூட்டினதே கெடியாதே மாமே. எவனுக்கின்னா இன்னாவாச்சும் ஆச்சின்னா?" என்றான் ஹுமாயூன்.

"ஒரே ஒரு நாளுடா. பத்து மணி வரிக்கும். ஓவர்சியர் எண்ணிட்டாருன்னா தொறந்துடறேன்."

"சாவி யாராண்ட?"

"என்னாண்டதான். அர்ணாக்கவுத்துல கட்டிக்கிறேன்."

"அப்ப சரி. நீ அங்கதான கீறே" என்றான். அதோடு சங்கிலியின் ஒரு முனையை அவனே தூக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். ஏழரை மணிக்கெல்லாம் எழுபத்து நாலு வண்டிகள் வந்துவிட்டன. ஒன்று சேர்த்துக் கோத்துப் பூட்டியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மற்றவர்களைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நானும் ஹுமாயூனும் மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தோம். எட்டரைக்கு வீராசாமி வந்தான். கூட நாலு பேர். அதில் சிவப்பு பனியன் போட்ட ஒருத்தன் கையில் முள்வெட்டுகிற கத்தி இருந்தது.

வீராசாமி கடைசி வண்டியைப் பிடித்து இழுத்தான். எழுபத்து நாலு வண்டியும் சேர்ந்து கடகடவென்று ஆடின, ஒன்றுகூட வரவில்லை. நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே காலைத் தூக்கி அந்த வண்டியை உதைத்தான். அது அடுத்ததின் மேல் விழ, அது அடுத்ததின் மேல் விழ, வரிசை முழுக்கச் சாய்ந்து கம்பம் வரைக்கும் போய் நின்றது. அவன் ஆட்கள் கடப்பாரையோடு சக்கரங்களின் மேல் ஏறி நின்று குத்த ஆரம்பித்தார்கள்.

"ஜம்பு, வுட்டுடு" என்றான் ஹுமாயூன் என்னிடம். "ஒடைக்கட்டும். ஒடஞ்சதையே ஓவர்சியர் பாக்கட்டும். நம்மளுக்கு இன்னும் நல்லதுதான்."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், எங்கள் கேஸ் ஜெயித்திருக்கும். என்னால் முடியவில்லை. காற்றடிக்கிற பம்ப்பை எடுத்துக்கொண்டு போய் வீராசாமியின் காது மேல் ஒன்று வைத்தேன். காது கிழிந்து தொங்கியது. சொன்னால் அசிங்கம், அந்த அடி அடித்தபோது எனக்குச் சுகமாக இருந்தது. இன்னொன்று அடித்தேன். அவன் ஐயோ என்று கத்திக்கொண்டே என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ரோட்டோரத்து முழங்கால் தண்ணீரில் விழுந்து புரண்டோம். அவன் என் தலையைச் சேற்றில் அமுக்கினான். நான் அவன் கண்ணில் விரலை விட்டேன். அவன் அலறி விட்டதும் மேலே ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினேன். எத்தனை குத்து என்று தெரியாது. பின்னாலிருந்து யாரோ என் அக்குளில் கையை விட்டுத் தூக்கினார்கள். ஹுமாயூன்தான். "போதும், செத்துடுவான்டா, போதும்" என்று என்னை இழுத்துத் திருப்பினான். அப்படித் திருப்பியதில் நான் இருந்த இடத்தில் அவன் வந்தான். சிவப்பு பனியன்காரன் எனக்கு வீசிய கத்தி ஹுமாயூனின் வலது தொடையில் இறங்கியது.

வெட்டினவனே பயந்துபோய்க் கத்தியைப் போட்டுவிட்டு மனைக்குள் ஓடிவிட்டான். தொடையிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சி அடித்தது. என் லுங்கியை அவிழ்த்துக் கட்டினேன், நனைந்து ஒழுகியது. கூச்சல் கேட்டுத் தாங்கலிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். "வண்டிய எடு, வண்டிய எடு" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். நான் இடுப்பில் கை வைத்தேன்.

கயிறு இல்லை. உருண்டபோது அறுந்திருக்கிறது.

எழுபது ஆம்பிளைகள் அந்தச் சேற்றுத் தண்ணீரில் முட்டி போட்டுக் கையால் துழாவினோம். ஒருத்தன் கருங்கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டான். ஏழு லீவர் பூட்டு, அசையவே இல்லை. ஒருத்தன் கடப்பாரையைச் சங்கிலியில் விட்டு நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது. நான் வைத்த வெல்டு அப்படி. இன்னொரு சாவி எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது. இதோ கிடைத்துவிடும், இதோ உடைந்துவிடும் என்றே இருபது நிமிஷம் போனது. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடலாம் என்று எங்கள் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எதிரில் எழுபத்து நாலு சைக்கிள் இருக்கும்போது எப்படித் தோன்றும்? ஹுமாயூன் புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்துவிட்டது. "பத்து மணி ஆயிடுச்சா?" என்று என்னைக் கேட்டான்.

அப்போது பின்னால் பெல் சத்தம். வீராசாமி. ஒரு கண் மூடிக்கிடக்க, கழுத்தெல்லாம் ரத்தம் வழிய, கேட் பக்கம் சாத்தி வைத்திருந்த தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"ஏத்துங்கடா. பாத்துகினே கீறானுங்க, கஸ்மாலங்க" என்றான்.

அவன்தான் மிதித்தான். ஹுமாயூனைக் கேரியரில் உட்கார வைத்து அவன் முதுகோடு துண்டால் கட்டினோம். நான் அண்டர்வேரோடு, காயத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே கூட ஓடினேன். அந்த ஒன்றரை மைலும் வீராசாமி அழுதுகொண்டே மிதித்தான். நடுநடுவே என்னை அசிங்க அசிங்கமாகத் திட்டினான். நானும் திட்டினேன். மெயின் ரோட்டில் ஒரு பால் வேன்காரர் ஏற்றிக்கொண்டார். வீராசாமியை அன்று சாயங்காலமே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். நரம்பு அறுந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி சைனம்பு வராந்தாவில் என்னிடம் வந்தாள். கத்தவில்லை. முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"அங்க எழுபத்தி நாலு சைக்கிள் நின்னுச்சாமே அண்ணே. மெய்தானா?"

ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

ஓவர்சியர் தங்கவேல் சொன்னபடி பத்து மணிக்கு வந்திருக்கிறார். அதற்குள் மழை பிடித்து ரோட்டைக் கழுவிவிட்டது. ஆட்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். குடை பிடித்துக்கொண்டு, சாய்ந்து கிடந்ததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். 'எழுபத்து நான்கு மிதிவண்டிகள் காணப்பட்டன. கோரிக்கை நியாயமானது.' அடுத்த வருஷம் ஆடியில் உத்தரவு வந்தது. மரத்தடியில் செம்மண் கொட்டி ஸ்டாண்டு, மனை நடுவில் நாலடி வழி. ஜெயித்துவிட்டோம். சங்கத்தில் எனக்குத் துண்டு போட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஹுமாயூன் அதற்குள் கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு வந்துவிட்டான். என்னிடம் பழைய மாதிரியே பேசினான். டீ வாங்கிக் கொடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வருஷம் ஐப்பசியில் தாங்கல் ரொம்பியதும் அவனே கேட்டான். "என்னிய கூட்டிகினு போறியா மாமே?"

கேரியரில் உட்கார வைத்து, அவன் ஊன்றி நடக்கிற இரண்டு கட்டைகளையும் பாரில் கட்டிக்கொண்டு போனேன். புது ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு வழிக்கு வந்தோம். வழியின் வாயில் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நட்டிருந்தார்கள். ஒரு ஆள் உடம்பை ஒருக்களித்து, திரும்பித் திரும்பித்தான் உள்ளே போக முடியும். ஹுமாயூன் ஒரு கட்டையை உள்ளே விட்டான், அடுத்ததை விட இடமில்லை. பின்னால் எடுத்தான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். கட்டை குழாயில் இடித்தது. மூன்று தரம் முயற்சி செய்தான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எவன்டா இத நட்டது, கடப்பாரய கொண்டாங்கடா" என்று குழாயைப் பிடித்து ஆட்டினேன்.

"இந்தக் கொயாய யாரு கேட்டது ஜம்பு?"

நான் ஆட்டுவதை நிறுத்தினேன். மனுவில் இரண்டு கோரிக்கைக்கும் கீழே நான்தான் அதைக் கையால் எழுதிச் சேர்த்திருந்தேன். மனைக்காரர் ஆட்கள் நாலடி வழியில் மோட்டார் பைக் விடாமல் இருக்க ஏதாவது தடுப்பு வேண்டும் என்று, பெரிய புத்திசாலி மாதிரி. "நான்தான்" என்றேன்.

அவன் குழாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கட்டையைத் தூக்கி என் தோளில் அடித்தான். அடுத்தது விலாவில். மூன்றாவது வாயில் விழுந்து ஒரு பல் நாக்கில் வந்தது. பன்னிரண்டு பதிமூன்று வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "சாவி உன்னாண்டதானடா இருந்துச்சி! உன்னாண்டதானடா இருந்துச்சி!" என்று கத்திக் கத்தி அடித்தான். கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "எவனும் கிட்ட வரக் கூடாது" என்று நான் கையைக் காட்டினேன். நின்றுவிட்டார்கள். அவனுக்குக் கை ஓய்கிற வரைக்கும் அசையாமல் நின்றேன். ஒரு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. கட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதான்.

அப்புறம், "குனி" என்றான்.

குனிந்தேன். முதுகில் ஏறிக்கொண்டான். ஒருக்களித்து, என் முழங்கை தேய, அவன் முதுகு தேய, குழாய்களுக்கு நடுவே திரும்பித் திரும்பி உள்ளே போனோம். கனமான ஆள். கரைமேல் ஏறும்போது கால் இரண்டு தரம் வழுக்கியது. என் வாயிலிருந்து ரத்தம் அவன் கை மேல் சொட்டியது, அவன் துடைக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் வந்தது. இடுப்பு வந்ததும் அவன் கனம் குறைய ஆரம்பித்தது. மார்புக்கு வந்தபோது முதுகில் யாரோ கை வைத்திருக்கிற அளவுக்குத்தான் இருந்தான். எப்போதும் நாங்கள் நிற்கிற இடம் அதுதான். நின்றேன்.

"இன்னும் உள்ள போ" என்றான் காதுக்குப் பக்கத்தில்.

போனேன். கழுத்து வரைக்கும் வந்தது. காலுக்குக் கீழே சேறு இளகியது. அவன் கைகள் என் கழுத்தைச் சுற்றி இறுக்கமாக இருந்தன.

"இன்னும்" என்றான்.

நான் அடுத்த காலை எடுத்து வைத்தேன்.